அணைக்கு வெளியே நேரும் தவறுகள்: லெசோத்தோ நீர்த்திட்டம் காட்டியவை

லெசோத்தோவின் மலைகளில் பெருகும் நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து தென்னாப்பிரிக்காவின் தொழில் நகரங்களுக்குக் கொண்டுசெல்ல இரு நாடுகளும் 1986 அக்டோபர் 24 அன்று ஒப்பந்தம் செய்தன. மலிபமட்சோ ஆற்றின் குறுக்கே 185 மீட்டர் உயரத்தில் எழுந்த காட்சே வில் அணை பொறியியலின் பெருமைக்குரிய படைப்பு. ஆயினும் அந்தத் திட்டத்தில் பின்னர் திருத்த வேண்டியிருந்தவற்றுள் பெரும்பாலானவை அணைக்கு வெளியே இருந்தன. இத்தகைய திட்டங்களில் பணியாற்றுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

துளையிட்டு எடுத்த பாறையின் வலிமையை மட்டும் சோதித்துவிட்டு நிறைவடைவது முதல் தவறு. காட்சேயிலிருந்து முயேலா நீர்மின் நிலையம் வரை 45 கிலோமீட்டர் நீளும் சுரங்கம், எரிமலைக் குழம்பு இறுகி உருவான பசால்ட் பாறை வழியே செல்கிறது. வெட்டிய அன்று சுத்தியலால் தட்டினால் கணீரென ஒலிக்கும் அந்தப் பாறையில் சில வகைகளுக்குள் நீரை உறிஞ்சி உப்பும் களிமண் கனிமங்கள் உண்டு. காற்றும் ஈரமும் பட்டதும் மேற்பரப்பில் நுண்விரிசல்கள் ஓடி, துண்டு துண்டாகப் பொரிந்து உதிரத் தொடங்கும். உறையின்றி விடலாம் என்று முதலில் கருதிய பகுதிகளுக்கும் இதனால் கான்கிரீட் உறை இட வேண்டியதாயிற்று. மாதிரிகளை நனைத்தும் உலர்த்தியும் பல சுற்றுகள் சோதிப்பதற்கு ஆகும் செலவு, சுரங்கத்தின் நடுவே திட்டத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவின் முன் மிகச் சிறியது.

நீர் நிரம்பும்போது நிலம் அசையக்கூடும் என்பதைக் கரையோர மக்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் விடுவதை நான் இன்னும் கடுமையான தவறாகக் கருதுகிறேன். 1995 இறுதியில் காட்சே நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கிய சில மாதங்களில், நீரின் எடையும் பாறை இடுக்குகளில் ஏறிய அழுத்தமும் சிறு நில அதிர்வுகளைத் தூண்டின. மபெலெங் கிராமத்தின் ஊடாக ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்தது. அதிர்வின் அளவு அணைக்குப் பொருட்டல்ல. ஆனால், கல்லை அடுக்கிக் கட்டிய வீட்டின் சுவருக்கு அது பொருட்டுதான். அணையின் பாதுகாப்புக்கு வகுக்கும் அதே அக்கறையுடன் அந்த வீடுகளுக்கும் கணக்கு வகுக்க வேண்டும்.

நீர் சென்று சேரும் ஆற்றை வெறும் வாய்க்காலாக நினைப்பதும் பிழை. 1998 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ் ஆற்றில் முதல் நீர் முறையாக விடப்பட்டது. நீர்த்தேக்கத்தில் வண்டல் படிந்துவிடுவதால் தெளிந்து வரும் நீர், தான் இழந்த மண்ணை வழியில் தேடிக்கொள்ளும். சிறிய ஆற்றில் ஆண்டு முழுவதும் அது பெருகி ஓடும்போது படுகை ஆழ்ந்து கரைகள் சரிகின்றன. அங்கும் கரைகள் அரிக்கப்பட்டு, ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் கட்டுமானங்களைப் பின்னர் எழுப்ப வேண்டியிருந்தது.

அணைக்குக் கீழே ஆற்றில் விட வேண்டிய நீரை ஆய்வுக்கு முன்பே எண்ணாக எழுதி ஒப்பந்தத்தில் பூட்டிவிடுவது வேறொரு தவறு. காட்சேக்குக் கீழே விநாடிக்கு 500 லிட்டர், அதாவது ஏறக்குறைய 18 கன அடி, என்றே 1986-இல் குறிக்கப்பட்டது. மீனும் கரையோரப் புல்வெளியும் அதை நம்பும் மக்களும் எவ்வளவு நீரைச் சார்ந்திருக்கிறார்கள் என்ற விரிவான ஆய்வு பின்னர்தான் நடந்தது. அதன் பிறகு அளவு உயர்த்தப்பட்டது. ஒப்பந்தப்புள்ளிகளில் கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இத்திட்டமே சான்று: லெசோத்தோவில் திட்டத்தை நடத்திய மேம்பாட்டு ஆணையத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த மசூபா சோலே லஞ்ச வழக்கில் 2002-இல் தண்டிக்கப்பட்டார்.

பராமரிப்புக்காகச் சுரங்கத்தை மூடும் நாள்களைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ளாததும் பொதுவாக நேர்வது. 2024 அக்டோபரில் ஆறு மாதப் பணிக்காகச் சுரங்கம் மூடப்பட்டபோது தென்னாப்பிரிக்கா தன் நீர்த்தேக்கங்களின் இருப்பைக் கொண்டு சமாளிக்கத் திட்டமிட்டது. லெசோத்தோவுக்கோ, அதே நீரால் சுழலும் முயேலாவின் 72 மெகாவாட் உற்பத்தியும் சேர்ந்தே நின்றது. அந்த மாதங்களுக்கான மின்சாரத்தை அது வெளியிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.