புள்ளியைக் காட்டுவதற்கு முன் தாளைக் கொடுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ள அனர்த்தப் பயிற்சியைக் கணினியில் நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாலைந்து பேர் ஒரு குழு, ஆளுக்கொரு திரை. ஒருவர் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்ப்பார், இன்னொருவர் உழவு இயந்திரங்களை அனுப்புவார், மற்றவர் இடைத்தங்கல் முகாமைப் பொறுப்பெடுப்பார். முடிந்ததும் மென்பொருள் ஒரு புள்ளியைக் காட்டும். அதைப் பார்த்த பிறகு, "நாங்கள் எப்படிச் செய்தோம்" என்று குழு நினைப்பதெல்லாம் அந்த இலக்கத்துக்கு ஏற்றபடி மாறிவிடும்.

இது வெறும் ஊகம் இல்லை. 1975இல் பாரி ஸ்ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் மூன்று பேர் கொண்ட குழுக்களிடம் ஒரு நிறுவனத்தின் கணக்குகளைக் கொடுத்து, அடுத்த ஆண்டு விற்பனையைக் கணிக்கச் சொன்னார். பிறகு, கணிப்பு சரியா பிழையா என்பதோடு சம்பந்தமே இல்லாமல், சில குழுக்களிடம் நன்றாகச் செய்தீர்கள் என்றும் மற்றவற்றிடம் சரியில்லை என்றும் சொன்னார். நன்றாகச் செய்ததாகக் கேள்விப்பட்டவர்கள், எங்களுக்குள் ஒற்றுமை இருந்தது, ஊக்கமாக வேலை செய்தோம், நன்றாகப் பேசிக்கொண்டோம் என்று மற்றவர்களைவிடக் கூடுதலாக மதிப்பிட்டார்கள்.

அதனால் பயிற்சி முடிந்தவுடன் திரைகளை அணைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு தாள், பேசாமல் தனித்தனியாக எழுத வேண்டும்: எந்தச் செய்தி பிந்தியது, எந்த இடத்தில் முடிவெடுக்கத் தடுமாறினோம், யாரிடம் கேட்காமல் விட்டோம். தாள்களை வாங்கிய பிறகுதான் கதைக்க விடலாம், ஏனென்றால் எங்கள் ஊர்களில் கிராம அலுவலரோ வயதில் மூத்த ஐயாவோ முதலில் வாய் திறந்தால் இளம் பிள்ளைகள் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு இருந்துவிடுவார்கள்.

அடுத்தது, பின்னூட்டத்தை எழுதும் விதம். "58 புள்ளி, உங்கள் ஒருங்கிணைப்பு பலவீனம்" என்று திரையில் வந்தால் ஆட்கள் தங்களைப் பற்றித்தான் யோசிப்பார்கள், வேலையைப் பற்றி இல்லை. அதையே, "வான்கதவு திறக்கும் அறிவித்தல் 10.05க்கு வந்தது, கண்டாவளைப் பிரிவுக்கு 10.31க்குத்தான் போனது" என்று காட்டினால், அந்த 26 நிமிடமும் எங்கே போனது என்று தாங்களாகவே தேடத் தொடங்குவார்கள். குளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்னூட்டம் பொதுவாக உதவினாலும் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் குழுவில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குறைந்த புள்ளியைக் கண்டதும், "அப்போ நாங்கள் அன்று செய்ததெல்லாம் என்ன?" என்று மனம் நொந்துபோவார்கள், பிறகு மென்பொருள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். அவர்களிடம் நேரப் பதிவை மட்டும் கொடுங்கள், அதற்கு விளக்கம் அவர்களே சொல்லட்டும்.

தனி ஆளின் பிழையை மல்டிமீடியாப் பெருந்திரையில் பெயரோடு போட வேண்டாம். அதைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எல்லாரும் பார்க்கும் திரையில் குழுவின் நேரப் பதிவு மட்டும் இருக்கட்டும், அவர்கள் எழுதித் தந்த தாள்களை அதோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். தாளில் "செய்தி உடனே போனது" என்றும் பதிவில் 26 நிமிடம் என்றும் இருந்தால், நிறைய நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாம் சுற்றில் பொறுப்புகளை மாற்றிக் கொடுத்து, அதே குழுவின் முந்தைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், பக்கத்துப் பிரிவின் புள்ளியோடு வேண்டாம்.