புதிய பால் பைத்தானை இரை எடுக்க வைப்பது எப்படி?

பால் பைத்தான் (ball python, அதாவது ‘பந்து மலைப்பாம்பு’) கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் வாழும் சிறிய மலைப்பாம்பு. அஞ்சினால் தலையை உள்ளே ஒளித்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் இப்பெயர் வந்தது. புது வீட்டில் அது இரையைத் தொடாமல் கிடப்பதற்கும் பெரும்பாலும் அந்த அச்சமே காரணம்.

முதலில் இருப்பிடத்தைச் சரிசெய்யுங்கள். தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். அது பாம்பின் உடல் சுவரை உரசும் அளவுக்குச் சிறியதாக இருப்பது மிக முக்கியம். விசாலமான மறைவிடத்தில் அதற்குப் பாதுகாப்புணர்வு வராது.

அடுத்து, ஒரு வாரம் அதைக் கையில் எடுக்காதீர்கள். தண்ணீர் மாற்ற மட்டும் தொட்டியைத் திறந்தால் போதும். விற்றவரிடம் அது சுண்டெலி தின்றதா, பெரிய எலி தின்றதா, உயிருள்ளதா, உறையவைத்ததா என்று கேட்டு, அதையே கொடுங்கள்.

இரை, பாம்பின் உடலில் மிகப் பருத்த பகுதியின் அளவே இருக்கட்டும். உறைந்த எலியை முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, கொடுப்பதற்குச் சற்று முன் பையோடு வெந்நீரில் அமிழ்த்திச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. பாம்பு தன் உதட்டிலுள்ள குழிகளால் வெப்பத்தை உணர்ந்தே இரையை அடையாளம் காண்கிறது என்பதால், எலியின் தலை நன்கு சூடாக இருக்க வேண்டும்.

இருட்டிய பின், நீண்ட இடுக்கியால் எலியைப் பிடித்து மறைவிடத்தின் வாயிலருகே மெல்ல அசையுங்கள். நாக்கு அடிக்கடி வெளிவந்து, கழுத்து மெதுவாக ஆங்கில எழுத்து எஸ் போல வளைந்தால், அசைவைக் குறைத்துக் காத்திருங்கள், தாக்கப்போகிறது. முகத்தில் இடித்தால் மீண்டும் சுருண்டுவிடும். கவ்விச் சுற்றிக்கொண்டதும் இடுக்கியை விட்டுவிட்டு விலகுங்கள்.

எடுக்காவிட்டால் எலியை அங்கேயே வைத்து, காலையில் அகற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி முயலுங்கள். நாள்தோறும் நீட்டுவதுதான் தொடக்கநிலையாளர்கள் செய்யும் பெருந்தவறு. உயிருள்ள எலியைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள். அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும். கண்கள் நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கும் வரை பொறுங்கள்.

வாரந்தோறும் எடை பாருங்கள். எடை குறையாதவரை, வளர்ந்த பாம்பு சில வாரங்கள் பட்டினி கிடந்தாலும் அஞ்ச வேண்டாம். எடை தொடர்ந்து குறைந்தாலோ, வாயில் சளி கோத்தாலோ, ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். இரை எடுத்த பின் 2 நாள்கள் தொடாமல் விடுங்கள். இல்லையேல் அது இரையைக் கக்கிவிடக்கூடும்.