ஏஐ உதவியோடு ஆய்வுக்கட்டுரை எழுதுகிறீர்களா? அதைச் சொல்லும் இடத்தில் நடக்கும் தவறுகள்

ஏஐ உதவியோடு எழுதிய கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் தவறு இது: ஒரு தகவலைச் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கி, அந்தத் தகவலுக்கு ஆதாரமாகச் சாட்ஜிபிடியையே போட்டுவிடுவது. போட்டவர் எதையும் மறைக்கவில்லை, நேர்மையாகத்தான் போட்டிருக்கிறார். ஆனாலும் அது ஆதாரம் ஆகாது. மேற்கோள் காட்டுவதே படிப்பவர் அந்த மூலத்தைத் தேடி எடுத்து, நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். அதே கேள்வியை அவர் கேட்டால் ஏஐ வேறு பதில் சொல்லலாம், நீங்கள் பயன்படுத்திய மாடலே அதற்குள் நிறுத்தப்பட்டிருக்கலாம். அதனால் ஏஐ ஒரு தகவலைச் சொன்னால் அது எந்த நூலில், எந்தக் கட்டுரையில் இருக்கிறது என்று தேடிப் போய், படித்து, அதை மேற்கோள் காட்டுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்தத் தகவலை விட்டுவிடுங்கள்.

இங்கே இரண்டு தனித்தனி வேலைகள் ஒன்றாகக் குழம்பிப் போகின்றன. ஒன்று மேற்கோள், அதாவது இந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று காட்டுவது. இன்னொன்று பயன்பாட்டு அறிவிப்பு, அதாவது இந்தக் கட்டுரை உருவானதில் எந்தக் கருவி என்ன வேலை செய்தது என்று சொல்வது. பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான். ஏஐயை நேரடியாக மேற்கோள் காட்டவேண்டிய இடம் குறைவு: அதன் பதிலே உங்கள் ஆய்வுப் பொருளாக இருக்கும்போது, அல்லது அது எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்துக் காட்டும்போது.

அப்படிக் காட்டும்போது ஒவ்வொரு நடைக்கையேடும், அதாவது மேற்கோளை எப்படி எழுதுவது என்று விதி சொல்லும் நூலும், ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் கருவியை உருவாக்கிய நிறுவனம்தான் ஆசிரியர். 2023 ஏப்ரலில் அவர்கள் காட்டிய மாதிரியைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: ஓப்பன்ஏஐ. (2023). சாட்ஜிபிடி (மார்ச் 14 பதிப்பு) [பெரிய மொழி மாதிரி]. இதற்குப் பின் இணைய முகவரி. எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கம்) முறையில் ஆசிரியர் என்று யாரையும் போடுவதில்லை, தலைப்பு வரும் இடத்தில் நீங்கள் கொடுத்த பிராம்ப்டை (ஏஐயிடம் கேட்டதை) விவரித்து எழுதவேண்டும். சிகாகோ முறையில் பொதுவாக அடிக்குறிப்பிலேயே முடித்துக்கொள்கிறார்கள், மற்றவர் திறந்து பார்க்கக்கூடிய லிங்க் இல்லாவிட்டால் துணைநூற்பட்டியலுக்குக் கொண்டுபோவதில்லை. மூன்றையும் கலந்து ஒரு புது முறையைக் கட்டிக்கொள்வதும், பதிப்பையும் தேதியையும் விட்டுவிடுவதும்தான் இதில் வழக்கமாக நடக்கும் பிழைகள். பதில் நீளமாக இருந்தால் பிராம்ப்டோடு சேர்த்துப் பின்னிணைப்பில் கொடுத்துவிடுங்கள், படிப்பவர் எதைப் பார்த்து நீங்கள் பேசுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. இந்த விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன, அதனால் போன வருடம் நண்பர் பின்பற்றியதை அப்படியே எடுக்காமல் சமர்ப்பிக்கும் நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், இல்லாத கட்டுரைகள். இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். 2023-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், சாட்ஜிபிடியின் மாடல்களில் ஜிபிடி-3.5 கொடுத்த மேற்கோள்களில் 55 சதவீதமும் ஜிபிடி-4 கொடுத்தவற்றில் 18 சதவீதமும் முழுக்கக் கற்பனை என்று கண்டார்கள். புதிய மாடல்கள் வந்துவிட்டன, இணையத்தில் தேடியும் தருகின்றன, சரி. ஆனால் 100-இல் ஒன்று பொய்யாக இருந்தாலும் உங்கள் பட்டியலில் அது எது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும்தான் பார்க்கவேண்டும். போலி மேற்கோளைப் பார்த்தவுடன் போலி என்று சொல்லிவிட முடியாது. அந்தத் துறையில் உண்மையிலேயே எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் பெயர் இருக்கும், உண்மையான ஜர்னல், பொருத்தமான வருடம், தொகுதி எண், பக்க எண் எல்லாம் இருக்கும். அந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை மட்டும் இருக்காது. சில சமயம் டிஓஐ எண்கூட (ஒரு கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் நிலையான எண்) வேலை செய்யும், ஆனால் திறந்தால் சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை வரும். அதனால் டிஓஐ இருக்கிறதே என்று நம்பாமல் அதைத் திறந்து தலைப்பு பொருந்துகிறதா என்று பாருங்கள். டிஓஐ இல்லாவிட்டால் முழுத் தலைப்பையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், அப்படியும் சந்தேகம் இருந்தால் அந்த ஜர்னலின் தளத்துக்கே போய் அந்த இதழின் பொருளடக்கத்தைப் பாருங்கள்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று இருக்கிறது: கட்டுரை இருக்கும், ஆனால் நீங்கள் சொல்லும் கருத்து அதில் இருக்காது. ஏஐ கொடுத்த சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூலத்தைப் படித்ததுபோல மேற்கோள் காட்டும்போது இது நடக்கிறது. 'சில சூழல்களில் இப்படி இருக்கலாம்' என்று ஆய்வாளர் தயங்கிச் சொன்னது, சுருக்கத்தில் 'இப்படித்தான்' என்று ஆகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பதுதான். படிக்காத கட்டுரை உங்கள் பட்டியலில் இருக்கக்கூடாது, ஏஐ வருவதற்கு முன்பும் விதி இதுதான்.

ஏஐயை இணை ஆசிரியராகப் போடுவது இப்போது குறைந்திருக்கிறது. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30-இல். அடுத்த சில வாரங்களிலேயே அதன் பெயரை ஆசிரியர் வரிசையில் போட்ட கட்டுரைகள் வந்தன. 2023 ஜனவரியில் நேச்சர் இதழ் இதை ஏற்கமாட்டோம் என்றது, பிப்ரவரியில் பதிப்பு அறநெறிக்கான கோப் அமைப்பும், மே மாதத்தில் மருத்துவ இதழாசிரியர்களின் ஐசிஎம்ஜேஇ குழுவும் அதையே சொல்லின. காரணம் எளிது: ஆசிரியர் என்றால் எழுதியதற்குப் பொறுப்பேற்க வேண்டும், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும், ஏஐயால் இரண்டும் முடியாது.

ஆசிரியர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மனிதருக்குச் சொல்வதுபோல நன்றியுரையில் 'சாட்ஜிபிடிக்கு நன்றி' என்று எழுதுகிறார்கள். அதுவும் போதாது. ஐசிஎம்ஜேஇ சொல்வதைப் பாருங்கள்: எழுத உதவியிருந்தால் நன்றியுரைப் பகுதியில் அதை விவரித்துச் சொல்லவேண்டும், தரவை அலசவோ படம் உருவாக்கவோ பயன்படுத்தியிருந்தால் ஆய்வுமுறைப் பகுதியில் சொல்லவேண்டும். எல்செவியர் இதழ்கள் துணைநூற்பட்டியலுக்கு முன்னால் இதற்கென்றே தனியாக ஓர் அறிவிப்பைக் கேட்கின்றன. நீங்கள் அனுப்பப்போகும் இதழ் எங்கே கேட்கிறதோ அங்கே எழுதுங்கள், பல்கலைக்கழக ஆய்வேடு என்றால் நெறியாளரிடம் கேளுங்கள்.

அறிவிப்பில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் நழுவுகிறார்கள். 'இக்கட்டுரையை எழுத ஏஐ கருவிகளின் உதவி பெறப்பட்டது.' இந்த வாக்கியத்திலிருந்து எனக்கு என்ன தெரிகிறது? எழுத்துப்பிழை பார்த்தீர்களா, முழுக் கட்டுரையையும் எழுதி வாங்கினீர்களா, இரண்டுக்கும் இது பொருந்தும். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 'முடிவுரையை நான் எழுதிய பிறகு, அதன் ஆங்கில நடையைச் செம்மைப்படுத்த 2025 மார்ச் மாதத்தில் சாட்ஜிபிடியை (ஜிபிடி-4ஓ) பயன்படுத்தினேன். அது பரிந்துரைத்த மாற்றங்களை வரிவரியாகப் பார்த்து, பொருள் மாறிய இடங்களைத் திருத்தினேன். தரவுகளும் அலசலும் மேற்கோள்களும் இந்தக் கருவியின் துணையின்றிச் செய்யப்பட்டவை.' எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எப்போது, எந்தப் பகுதியில், என்ன வேலைக்கு, வந்ததை யார் சரிபார்த்தார் என்று எல்லாமே இதில் வந்துவிட்டது. மூன்று வாக்கியம்தான்.

எழுத்துப்பிழை திருத்தியதையும் சொல்லவேண்டுமா என்றால், எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர் போன்ற பதிப்பகங்கள் அந்த அளவுக்கு அறிவிப்பு கேட்பதில்லை. ஆனால் ஒரு பத்தியைக் கொடுத்து 'மாற்றி எழுதிக்கொடு' என்று கேட்பது பிழைதிருத்தம் அல்ல. எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று தோன்றினால் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023-இல் பிசிகா ஸ்கிரிப்டா இதழில் நடந்ததே போதும். சாட்ஜிபிடியில் பதிலை மறுபடி உருவாக்கச் சொல்லும் பட்டனில் அப்போது இருந்த 'ரீஜெனரேட் ரெஸ்பான்ஸ்' என்ற சொற்கள், நகல் எடுக்கும்போது கட்டுரைக்குள் வந்து அப்படியே அச்சாகிவிட்டன. ஏஐ பயன்பாட்டை அறிவிக்கவில்லை என்ற காரணத்தால் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

சொல்லிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் குழுமத்தின் ஓர் இதழில், எலியின் உடல் அமைப்பைக் காட்டும் படம் ஒன்று வந்தது. உறுப்புகள் நம்பமுடியாத அளவில் இருந்தன, படத்தில் எழுதியிருந்த பெயர்களில் பல எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். படங்களை மிட்ஜர்னி என்ற ஏஐ படக் கருவியில் உருவாக்கியதாக ஆசிரியர்கள் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். இருந்தும் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு எழுதினாலும், உள்ளே இருப்பது சரியா என்று பார்க்கும் பொறுப்பு உங்களிடம்தான் இருக்கிறது.

சிலர் சொல்லத் தயங்குவதற்குப் பின்னால் ஏஐ கண்டறியும் மென்பொருள்கள் பற்றிய பயம் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மென்பொருள்களில் போட்டுப் பார்த்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதனால் மென்பொருள் சொல்லும் எண்ணைக் குறைப்பதற்காக இன்னொரு ஏஐயிடம் கொடுத்து வாக்கியங்களை உருமாற்றாதீர்கள், பலர் செய்யும் தவறு இது, அறிவிக்கவேண்டிய பயன்பாடும் இதனால் கூடிவிடுகிறது. அதற்குப் பதில் வரைவுகளைத் தேதியோடு வைத்திருங்கள், கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு தானாகவே இருக்கும். யாராவது கேட்டால் காட்ட அது போதும்.

மறந்துபோகும் இன்னொரு விஷயம், உங்களுடையது அல்லாததை ஏஐயில் ஏற்றுவது. நேர்காணல் பதிவுகள், நோயாளி விவரங்கள், மதிப்பீட்டுக்காக உங்களிடம் வந்த மற்றவரின் கட்டுரை, இவற்றை எவ்வளவு அழகாக அறிவித்தாலும் ஏற்றியது ஏற்றியதுதான். அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்பான என்ஐஎச், நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்கள் இதைச் செய்யக்கூடாது என்று 2023 ஜூனிலேயே தடை போட்டது.

நடைமுறையில் இவ்வளவும் கைகூட வேண்டுமென்றால், குறிப்பெடுப்பதை முதல் நாளிலேயே தொடங்குங்கள். தேதி, கருவி, பிராம்ப்ட், வந்ததில் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு சாதாரண ஃபைலில் ஒரு வரி போதும். கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுதும் அறிவிப்பு அரைகுறையாகத்தான் இருக்கும். இணை ஆசிரியர்கள் இருந்தால் அவர்களையும் இதே ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் ஏஐயைத் தொடவே இல்லை என்று அறிவித்துவிட்டு, இலக்கிய மீளாய்வுப் பகுதியை எழுதிய நண்பர் முழுக்க அதில்தான் எழுதினார் என்று பிறகு தெரியவந்தால், சமர்ப்பித்தவர் என்ற முறையில் இதழாசிரியரின் மின்னஞ்சல் முதலில் உங்களுக்குத்தான் வரும். சமர்ப்பிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.