ஹெட்போன் ஆம்ப், டாக்: மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெட்போனில் ஊன்றிப் பாட்டுக் கேட்பவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் எழும் கேள்வி, கைவசம் உள்ள ஆம்ப்பையும் டாக்கையும் விட்டுவிட்டு இன்னும் விலை கூடியதை வாங்கலாமா என்பது. கோப்பில் எண்களாக இருக்கும் ஒலியை மின்னலையாக மாற்றுவது டாக். அந்த அலைக்கு ஹெட்போனை இயக்கும் வலுவைத் தருவது ஆம்ப். இரண்டின் வேலையும் வேறு. எதில் குறை என்று பிரித்தறியாமல் இரண்டையும் ஒருசேர மாற்றுபவர், செலவழித்த பணம் எதற்குப் போனது என்பதைக் கடைசிவரை அறியமாட்டார்.

நான் பார்த்தவரை, ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு கருவி மற்றதைவிட ஒரு டெசிபல் மட்டும் உரத்து ஒலித்தால், அந்த வேறுபாடு நம் காதுக்குச் சத்தமாகத் தெரிவதில்லை. தம்பூராவின் ரீங்காரம் துலக்கமாவதாகவும், மிருதங்கத்தின் தொப்பி அழுத்தமாக விழுவதாகவும் தோன்றுகிறது. எனவே வால்யூம் குமிழைக் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ சரிசெய்வது போதாது. ஹெட்போன் இணைப்பில் இருக்கும்போதே 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்பின் வெளியீட்டு மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து, இரண்டு கருவிகளிலும் ஒரே அளவு வரும்படி வைக்க வேண்டும். மிக மலிவான மீட்டர்களில் மாறுமின்னழுத்தத்தின் கீழ்வரம்பு 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும் என்பதால் அவை இதற்கு உதவா. 2 வோல்ட் வரம்பு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸுக்குப் பதில் 100 ஹெர்ட்ஸ் ஒலியைச் சொல்வதற்கும் காரணம் உண்டு: சாதாரண மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்களில்தான் நம்பகமாகக் காட்டும். இப்படிச் சமப்படுத்திய பின், எந்தக் கருவி ஓடுகிறது என்று தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றிவிடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நானும் அப்படிக் கேட்ட மாலையில், அதற்கு முன் மூன்று வாரமாக எனக்கு உறுதியாகத் தெரிந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை கேட்கவில்லை.

அடுத்தது, ஓம் எண்ணை, அதாவது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பான மின்மறுப்பை, மட்டும் பார்த்து ஆம்ப்பின் தேவையைக் கணிப்பது. சென்ஹைசர் ஹெச்.டி. 650 ஹெட்போனின் மின்மறுப்பு 300 ஓம், ஹைஃபைமேன் ஹெச்.இ. 6-இன் மின்மறுப்பு 50 ஓம். எண்ணை மட்டும் பார்த்தால் முன்னதுதான் இயக்கக் கடினமானது என்று தோன்றும், ஆனால் உண்மை நேர்மாறானது. முன்னது ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல் தருகிறது. ஆகவே 110 டெசிபல் உச்சத்தை எட்ட அதற்கு ஏறத்தாழ 17 மில்லிவாட் போதும். பின்னது ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே தருவதால், அதே உச்சத்துக்கு 450 மில்லிவாட் வரை கேட்கிறது. ஓம் எண்ணோடு உணர்திறனையும் (குறிப்பிட்ட மின்னளவுக்கு ஹெட்போன் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதையும்) சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஆம்ப் போதுமா என்று சொல்ல முடியும். ஒரு வோல்ட் தரும் சிறிய யூ.எஸ்.பி. டாங்கிளிலேயே (கைபேசியிலோ கணினியிலோ செருகும், டாக்கும் ஆம்ப்பும் சேர்ந்த குட்டிக் கருவி) ஹெச்.டி. 650-ஐப் பெரும்பாலான பாடல்களுக்குத் தேவையான அளவு உரக்கக் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம் சராசரியாக 80 டெசிபல் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். மேலும், ஆம்ப்பின் திறனை அரை வாட்டிலிருந்து ஒரு வாட்டாக இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே.

பேலன்ஸ்டு வெளியீட்டுக்கு (ஒவ்வொரு காதுக்கும் ஒன்றுக்கொன்று எதிரான இரு அலைகளைத் தனிக் கம்பிகளில் அனுப்பும் இணைப்புக்கு) மாறியதும் ஒலி விரிந்துவிட்டது என்பவர்கள் முதலில் மேலே சொன்ன அளவீட்டைச் செய்து பார்க்க வேண்டும், ஏனெனில் அந்த வெளியீட்டில் மின்னழுத்தம் பெரும்பாலும் இரட்டிப்பாக இருக்கும்.

டாக்கைப் பொறுத்தவரை, அதனுள் உள்ள சில்லின் (சிப்பின்) பெயரைப் பார்த்து வாங்குவது பரவலான பழக்கம். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் இருந்த, டாக் சில்லுகளைத் தயாரிக்கும் ஏ.கே.எம். நிறுவனத்தின் ஆலை தீப்பற்றியபின், பல தயாரிப்பாளர்கள் தங்கள் கருவிகளை வேறு நிறுவனச் சில்லுகளுக்கு மாற்றி வடிவமைக்க நேர்ந்தது. சில்லுக்குப் பின்னால் உள்ள வெளியீட்டுச் சுற்றும் மின்வழங்கியும் சரியாக இருந்தால், சில்லின் பெயர் காதுக்குப் பெரிதாக எதையும் சொல்வதில்லை என்பது என் முடிவு. ஒலியலையை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்பதைக் குறிக்கும் 384, 768 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களும் அப்படியே. குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸே 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை முழுமையாக ஏந்தும். வயது கூடக்கூட நம் காது அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது.

கருவியில் இரைச்சல் கேட்கிறது என்பதற்காக டாக்கை மாற்றுபவர்கள், முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், அது மின் இணைப்பின் வழியே வருவது. புதிய டாக்கையும் அதே கணினியில் செருகினால் அதுவும் அப்படியே இரையக்கூடும். அப்படி நிற்காமல், காதுக்குள் பொருத்தும் உணர்திறன் மிக்க இயர்போனில் மட்டும் ‘உஸ்ஸ்’ என்ற ஒலி தொடர்ந்தால், ஆம்ப்பின் கெயினை (அலையை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அமைப்பை) குறைத்துப் பார்க்கலாம். அதிலும் போகவில்லையென்றால் இரைச்சல் குறைந்த ஆம்ப்பை வாங்குவதில் நியாயம் உண்டு. புளூடூத் ஹெட்போன் கம்பியின்றி இயங்கும்போது அதனுள்ளேயே டாக்கும் ஆம்ப்பும் வேலை செய்கின்றன என்பதால், வெளியே எதை வாங்கி வைத்தாலும் அதன் ஒலி மாறாது.

ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பைக் கவனிப்பவர்கள் குறைவு. அது ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 32 ஓம் இயர்போனை 30 ஓம் வெளியீட்டில் செருகினால், அதன் மின்மறுப்பு எங்கெல்லாம் ஏறி இறங்குகிறதோ அங்கெல்லாம் ஒலியின் சமநிலையும் மாறக்கூடும். பழைய மேசைக் கருவிகள் சிலவற்றில் இந்தக் குறை மெய்யாகவே இருக்கிறது. அவற்றை மாற்றினால் வேறுபாடு காதுக்குத் தெரியும்.

ஐந்தாறு ஆண்டு உழைத்த ஹெட்போனாக இருந்தால், ஆம்ப்பைத் தொடுவதற்கு முன் காதுமெத்தைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். அவை நைந்து தட்டையானால் ஒலிப்பானுக்கும் காதுக்கும் இடையிலான தூரம் குறைந்து, கீழ்ஸ்தாயியும் உச்ச ஒலியும் ஒருசேர மாறிவிடுகின்றன. புது மெத்தையைப் பொருத்தி, ஒரு வாரம் அதே பழைய ஆம்ப்பில் கேட்டபின் விலைப்பட்டியலைத் திறக்கலாம்.