முன்காச்சியின் புழுதியை வரைய ஒரு வழி

ஹங்கேரிய ஓவியர் முன்காச்சி மிஹாய் 1874-ல் வரைந்த 'போரோஷ் ஊட்', அதாவது 'புழுதிச் சாலை', புடாபெஸ்டில் ஹங்கேரிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஹங்கேரியின் பெரும் சமவெளி, அதில் ஒரு சாலை, ஒரு குதிரைவண்டி, வெயில் ஏறிய புழுதி. பார்த்தால் சுலபமாகத் தெரியும். ஆயில் கலரில் பிரதி எடுக்க உட்கார்ந்து மூன்று கேன்வாஸைக் கெடுத்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: சுலபமில்லை.

நான் செய்த தவறு இது. முதலில் வண்டியைச் சுத்தமாக வரைந்தேன், சக்கரத்தின் ஆரங்களைக்கூட விடவில்லை. அப்புறம் அதன்மேல் வெள்ளையைக் கலந்து புழுதி பூசினேன். வண்டிக்கு முன்னால் கொசுவலை கட்டினது போல் ஆகிவிட்டது. இரண்டாவது தடவையும் அதேதான், வலை கொஞ்சம் மெல்லிசு. இந்தப் படத்தில் புழுதி வண்டியை மறைக்கிற திரை இல்லை, வெளிச்சமே அதுதான். அதனால் முதலில் வரைய வேண்டியது புழுதியை.

கேன்வாஸை வெள்ளையாக விடாதீர்கள். எல்லோ ஆக்கர் என்னும் மண்மஞ்சளில் துளி பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு சேர்த்து, டர்பென்டைனில் நன்றாக நீர்க்கவைத்துப் பூசி, ஒருநாள் காயவிடுங்கள். தொடுவானத்தைத் தாழ்வாக இழுங்கள். மலையோ மேடோ இல்லாத நிலம் அது; கோட்டை உயர்த்தினால் சமவெளியின் அகலம் போய்விடும்.

அடுத்து வானத்தையும் புழுதியையும் ஒரே கலவையிலிருந்து எடுங்கள். டைட்டானியம் ஒயிட்டைத் தனியாகத் தொடவே கூடாது. அது குளிர்ந்த வெள்ளை, வெயிலைக் கொன்றுவிடும். ஆக்கரைக் கலந்து இளம் வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். வானத்துக்குப் போகும்போது அதிலேயே அல்ட்ராமரைன் நீலம் ஒரு பொட்டு. புழுதி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

இந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்டி வரவேண்டும். காய்ந்துவிட்டால் விளிம்புகள் கத்திரித்து ஒட்டினது போல நிற்கும். என் மூன்றாவது கேன்வாஸ் போனது இப்படித்தான். கண்ணைச் சுருக்கி மூலப்படத்தைப் பாருங்கள்; எஞ்சி நிற்கிற கரும் திட்டுகளை மட்டும் வையுங்கள். பிறகு காய்ந்த, அகலமான தூரிகையால் கீழ்விளிம்பை லேசாக இழுத்துவிடுங்கள். தரையோடு சேருமிடம் கரைந்துபோகும். சக்கரம் வரையவே வேண்டாம். பார்க்கிறவர் கண் அதைப் போட்டுக்கொள்ளும். நான்காவது தடவை ஆரங்களைத் துணியால் துடைத்தபோது கை நடுங்கியது, ஆனால் வண்டி அப்போதுதான் ஓடத் தொடங்கியது.

கருமைக்கு என்ன செய்வது? இங்கே முன்காச்சியைப் பின்பற்றாதீர்கள். 1870-ல் பாரிஸ் சலோன் ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த 'சிரலோம்ஹாஸ்' (மரண தண்டனைக் கைதியின் அறை) உட்படப் பல படங்களில், அடிப்பூச்சில் பிட்டுமன் என்னும் நிலக்கீலைக் கையாண்டார். பூசும்போது தேன்போல ஆழமான பழுப்பு தரும், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது ஒருபோதும் முழுசாகக் காயாது. மேலே உள்ள வண்ணத்தை வெடிக்கவைத்து, ஆண்டுக்கு ஆண்டு கறுத்துக்கொண்டே போகும். அவருடைய இருண்ட உள்ளறைப் படங்களை இன்று பார்க்கும்போது, அவர் தீட்டியதைவிட அதிக இருட்டையே பார்க்கிறோம். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் சரிபாதி கலந்தால் போதுமான கருமை கிடைக்கும். கருப்பு டியூபைத் திறக்காதீர்கள்.

முன்சாலைக்கு மட்டும் வண்ணத்தைக் கனமாக வைக்கலாம். வண்டித்தடங்களைத் தூரிகையின் மறுமுனையால் கீறினேன், நன்றாக வந்தது. இந்தப் பூச்சில் ஆளிவிதை எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அடியில் எண்ணெய் குறைவு, மேலே அதிகம் என்ற வரிசை மாறினால் வெடிப்பு விழும்.

முன்காச்சி இதே சாலையைப் பின்னாளில் இன்னொரு முறையும் வரைந்தார். இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்தே வரும். ஆண்டைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு, அச்செடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். திரையில் பார்த்து வரைந்தால் மஞ்சள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் தெரியும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். என் படம் இன்னும் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது.