நிரூபணம் எழுதும்போது மதிப்பெண் நழுவும் இடங்கள்

சிங்கப்பூர்க் கணித ஒலிம்பியாட்டின் முதல் சுற்றில் விடையை மட்டும் எழுதினால் போதும். இரண்டாம் சுற்றில் ஐந்தே கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் முழு நிரூபணம் வேண்டும். முதல் சுற்றை வேகத்தால் கடந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பலர் இங்கே தடுமாறுவதுண்டு. வழி பிடிபட்டிருக்கும், தாளில் அது நிரூபணமாக வந்திருக்காது.

பெரிய தவறு, நிறுவ வேண்டியதிலிருந்தே தொடங்குவது. இரண்டு மிகை எண்களின் கூட்டுத்தொகை, அவற்றின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலத்தின் இரு மடங்குக்குக் குறையாது எனக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதையே முதல் வரியாக எழுதி, வர்க்கப்படுத்திச் சுருக்கி, ‘வித்தியாசத்தின் வர்க்கம் 0-க்குக் குறையாது, ஆகவே உண்மை’ என்று முடித்துவிடுகிறார்கள். 1 = −1 என்று தொடங்கி வர்க்கப்படுத்தினாலும் 1 = 1 என்ற உண்மைதான் வரும்! அதற்காக முதல் வரி உண்மையாகிவிடுமா? வழி தேடும்போது அப்படிப் போகலாம், தவறே இல்லை. விடைத்தாளில் திருப்பி எழுதுங்கள்: வித்தியாசத்தின் வர்க்கம் ≥ 0, இருபுறமும் பெருக்கற்பலனின் நான்கு மடங்கைக் கூட்டினால் இடப்பக்கம் கூட்டுத்தொகையின் வர்க்கம் ஆகும், இரு எண்களும் மிகை என்பதால் இருபுறமும் வர்க்கமூலம் எடுக்கலாம். அந்தக் கடைசிக் காரணம் கட்டாயம் தாளில் இருக்க வேண்டும்.

அடுத்தது ‘பொதுமை குன்றாமல், எண்களை இறங்குவரிசையில் கொள்வோம்’ என்ற வரி. எண்களை எப்படி இடம் மாற்றினாலும் கோவை மாறாது என்றால்தான் இது செல்லும். மூன்று எண்களை வைத்து, ‘முதல் எண்ணின் வர்க்கம் × இரண்டாவது’ என்று சுழன்று வரும் மூன்று உறுப்புகளைக் கூட்டும் கோவையில் 1, 2, 3 போட்டால் 2 + 12 + 9 = 23; 3, 2, 1 போட்டால் 18 + 4 + 3 = 25. இங்கே முதல் எண்ணே மிகப் பெரியது என்று மட்டும் கொள்ளலாம். மற்ற இரண்டின் வரிசையைத் தனித்தனி நிலைகளாகப் பார்த்தே ஆக வேண்டும்.

‘அதிகபட்சம் எத்தனை’ என்ற கேள்விக்குப் பாதி விடையோடு நிறுத்துபவர்களும் உண்டு. 8×8 சதுரங்கப் பலகையில் ஒன்றையொன்று தாக்காத யானைகள் 8. ஒரு வரிசைக்கு ஒன்றுக்கு மேல் வைக்க முடியாது, ஆகவே 9 முடியாது என்பது ஒரு பாதி. மூலைவிட்டத்தில் எட்டையும் வைத்துக் காட்டுவது மறு பாதி.

வடிவியலில், வரைந்த படத்தை நம்பி ‘இந்தப் புள்ளி முக்கோணத்துக்குள் இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். விரிகோண முக்கோணம் ஒன்றை வரைந்து பாருங்கள். செங்கோட்டு மையம் (முனைகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் செங்குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி) வெளியே போய்விடும், கோணங்களைக் கூட்டிய இடத்தில் கழிக்க வேண்டிவரும். அந்த நிலையையும் தனியாக எழுதுங்கள்.