மணற்கல்–ஷேல் அடுக்குகளில் ஆழ்கடலைக் கண்டுபிடிப்பது

போர்ட் பிளேர் அருகே கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் மணற்கல்லும் ஷேலும் (சேறு இறுகி உண்டான பாறை) மாறி மாறி அடுக்கியிருக்கும். அந்தமான் ஃபிளிஷ் என்று பெயர், ஆழ்கடலில் படிந்தது. மணலும் சேறும் கலந்த நீர் கடலடிச் சரிவில் பாய்ந்து இறங்கும் ஓட்டம்தான் இந்த மணலைக் கொண்டுவந்தது; அப்படிப் படிந்த அடுக்குக்கு டர்பிடைட் என்று பெயர். இதுபோன்ற பாறையைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: மணல் எப்படி வந்தது என்பதை மணற்கல் சொல்லும். எங்கே வந்து படிந்தது என்பதை நடுவிலுள்ள ஷேல்தான் சொல்லும்.

10 மடங்கு லென்ஸ், கிளினோமீட்டருடன் (சாய்வு அளக்கும் கருவி) காம்பஸ், 1.5 மீட்டர் அளவுகோல், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். கடலோரப் பாறையென்றால் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குங்கள்.

முதலில் மேல் எது, கீழ் எது என்று முடிவு செய்யுங்கள். மடிந்த பாறையில் அடுக்கே தலைகீழாகக் கிடக்கலாம். மணற்கல்லின் அடிப்பரப்பில் நாக்குப் போலப் புடைத்திருப்பவை ஃபுளூட் காஸ்ட்கள். அவை இருக்கும் பக்கம்தான் அடி. அவற்றின் மொண்ணையான, ஆழமான முனை ஓட்டம் வந்த திசையைக் காட்டும். அகன்று மங்கும் முனை போன திசை. நேர்கோட்டுப் பள்ளங்களின் வார்ப்பான குரூவ் காஸ்ட் கோட்டை மட்டுமே தரும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. அடுக்கு 25 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் நேரடியாக எடுத்த திசை பிழையாகிவிடும். அடுக்குப் பரப்பிலேயே கோணத்தை அளந்து, ஸ்டீரியோநெட்டில் (திசையையும் சாய்வையும் குறிக்கும் வட்ட வரைதாள்) அடுக்கைக் கிடைமட்டமாக்கித் திருத்துங்கள்.

பிறகு 1:50 அளவில் அடுக்குகளை வரைந்து பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு மணல் அடுக்கையும் அடியிலிருந்து மேலாகப் பாருங்கள். ஆர்னால்ட் பௌமா 1962-இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் பாறைகளை வைத்து விவரித்த வரிசை இது: ஏ, பருமணலில் தொடங்கி மேலே நுணுகும் பகுதி; பி, இணைக்கோட்டு அடுக்கு; சி, சிற்றலைத் தடமும் சுருண்ட அடுக்கும்; டி, மெல்லிய வண்டல் கோடுகள்; ஈ, சேறு. ஓட்டம் வேகமிழக்க இழக்க இவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. (1929 கிராண்ட் பேங்க்ஸ் நிலநடுக்கத்துக்குப் பின் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிகளை வரிசையாக அறுத்ததும் இத்தகைய ஓட்டம்தான்.) ஐந்தும் முழுதாகக் கிடைப்பது அபூர்வம். பி-யில் தொடங்கினால் பி என்றே எழுதுங்கள். இல்லாத ஏ-வைத் தேடிப் பிடித்துப் பொருத்துவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

இனி ஷேல். ஓட்டம் கொண்டுவந்த ஈ சேறு சில மணி நேரமோ சில நாளோ எடுத்துப் படிந்தது. அதற்கு மேலுள்ள, மெதுவாக இறங்கிய சேற்றுக்கு நூற்றாண்டுகள் ஆகியிருக்கலாம். ஆழத்தைக் கணிக்க உதவும் ஃபொராமினிஃபெரா (ஓடுள்ள நுண்ணிய கடலுயிர்) மாதிரியை இந்த இரண்டாவதிலிருந்து, அடுத்த மணலுக்குச் சற்றுக் கீழே எடுங்கள். மணலில் கிடைக்கும் சிப்பியும் ஃபொராமினிஃபெராவும் ஆழமற்ற கடலிலிருந்து அடித்து வரப்பட்டவையாக இருக்கலாம். அமிலத்தில் நுரைக்கவில்லை என்பதால் சுண்ணாம்பு ஓடுகள் கடல்நீரிலேயே கரைந்துவிடும் ஆழத்துக்கு (கார்பனேட் கரையும் ஆழம்) கீழே படிந்தது என்று முடிவுகட்டாதீர்கள். வெயிலிலும் மழையிலும் சுண்ணாம்பு கரைந்துபோயிருக்கலாம். புதுப் பரப்பை உடைத்துச் சோதியுங்கள். மணற்கல்லின் அடியில் அறுகோண வலை போன்ற பேலியோடிக்டியான் என்ற உயிர்த்தடம் கிடைத்தால் அது ஆழ்கடலுக்கு வலுவான சான்று.

எதிர்ச் சான்றையும் தேடுங்கள். புயல் படிவும் மேல்நோக்கி நுணுகும். ஏரியிலும் டர்பிடைட் உண்டு. மேடும் குழியுமாக வளைந்த ஹம்மக்கி அடுக்கோ, இருபுறமும் சமச்சீரான அலைத்தடமோ தெரிந்தால் அங்கே அலை தரையைத் தொட்டிருக்கிறது. இவை எதுவும் இல்லையென்றாலும் நோட்டில் மீட்டர் கணக்கு எழுத வேண்டாம். ‘புயலலை எட்டாத ஆழம்’ என்று மட்டும் குறித்து, மீதியை ஃபொராமினிஃபெரா முடிவு வரும்வரை காலியாக விடுங்கள்.